நகரமைப்பில் எம்.பிளான்: சென்னையா, அகமதாபாத்தா, தில்லியா?

கட்டடக்கலையோ சிவில் பொறியியலோ படித்து முடித்து, நகரமைப்பில் எம்.பிளான் என்னும் முதுநிலைப் பட்டப்படிப்பில் சேர நினைக்கும் தமிழ்நாட்டு மாணவர் பெரும்பாலும் மூன்று நிறுவனங்களுக்கிடையே தடுமாறுகிறார்: சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி, அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம், தில்லியில் எஸ்.பி.ஏ. எனப்படும் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி. தரவரிசையும் கட்டணமும் முக்கியமானவைதாம். ஆனால் இந்தப் படிப்பின் உயிர் ஸ்டுடியோவில் இருக்கிறது. மாணவர்கள் குழுவாக ஓர் ஊரை அளந்து, கணக்கெடுத்து, அதற்குத் திட்டம் வரைவது அங்கேதான். ஆகவே, எந்த நகரத்தில் படிக்கிறோம், அந்த நகரம் நிலத்தை எவ்வாறு கையாளுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தில்லியில் நிலம் அரசின் கையில் குவிந்த வரலாறு உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான தில்லி வளர்ச்சி ஆணையம், நிலத்தைப் பெருமளவில் கையகப்படுத்தி, மேம்படுத்தி, ஒதுக்கீடு செய்தது. அந்நகரின் முதல் மாஸ்டர் பிளான் (முழுமைத் திட்டம்) 1962இல் வந்தது. எஸ்.பி.ஏ.வில் நகரத் திட்டமிடலுடன் வீட்டுவசதி, போக்குவரத்து, சுற்றுச்சூழல், மண்டலத் திட்டமிடல் எனத் தனித்தனிச் சிறப்புப் பிரிவுகள் இருப்பதால், போக்குவரத்து ஒன்றையே ஆழமாகக் கற்க விரும்புகிறவருக்கு இது மிகப் பொருத்தமானது. கேட் (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண் வழியாகச் சேரலாம். மத்திய அமைச்சகங்களும் அருகிலேயே இருப்பதால், கொள்கை வகுப்பில் நாட்டம் உள்ளவர்களுக்கும் தில்லியே வசதி.

அகமதாபாத்தின் வழி வேறு. 1915ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தில் தொடங்கி, 1976ஆம் ஆண்டு குஜராத் சட்டத்தில் வளர்ந்த நகரமைப்புத் திட்ட முறையில், ஒரு பகுதியின் நில உரிமையாளர்கள் அனைவரின் நிலமும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்க்கப்படுகிறது. சாலை, பூங்கா, பள்ளி ஆகியவற்றுக்கான பங்கு கழிக்கப்பட்டு, மீதி நிலம் ஒழுங்கான வடிவில் அவரவருக்கே திரும்புகிறது. கோணல்மாணலாகக் கிடந்த ஒரு புல எண், பரப்பில் குறைந்தாலும் சாலை முகப்புள்ள செவ்வக மனையாக, புதிய இறுதி மனை எண்ணுடன் வெளிவருவதைக் கணினித் திரையில் ஒவ்வொரு மனையாக வரைந்து பார்க்கும் மாணவருக்கு, பொதுநலனும் தனி உரிமையும் எங்கே மோதுகின்றன, யாருக்கு எவ்வளவு இழப்பு, யாருக்கு எவ்வளவு மதிப்பு உயர்வு என்பதெல்லாம் கைப்பழக்கமாகவே படிந்துவிடும். பாடநூலைப் படித்து மட்டும் இந்த அறிவு வராது. 1972இல் திட்டமிடல் பள்ளியைத் தொடங்கிய செப்ட், 2009இல் ஓடத் தொடங்கிய ஜன்மார்க் பேருந்துத் திட்டத்தின் வடிவமைப்பிலும் பங்கேற்றது. வகுப்பறைக்கும் நகராட்சிக்கும் இடையே அங்கு இடைவெளி குறைவு. அரசுக் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் கணிசமாக அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சென்னையில் அரசு பெரும்பாலும் அனுமதி வழங்கும் இடத்திலேயே நிற்கிறது. தனியார் மனைப்பிரிவு போடுகிறார். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காட்டை ஓ.எஸ்.ஆர். எனப்படும் பொதுத் திறந்தவெளி நிலமாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்கிறார். இவ்வாறு துண்டு துண்டாக வளரும் நகரத்தில் ஒரு மனைப்பிரிவின் சாலை அடுத்த மனைப்பிரிவின் சுவரில் போய் முட்டி நிற்பதையும், மழைநீர் செல்ல வழியின்றித் தேங்குவதையும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் போகிறவர்கள் நேரிலேயே காணலாம். குறைகள் நிறைந்த இந்த நகரம் மாணவருக்கு ஒரு பெரும் வாய்ப்பு என்றே நான் எண்ணுகிறேன். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதி 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டுள்ளது; 2026 வரைக்குமான இரண்டாம் முழுமைத் திட்டத்துக்குப் பிறகு மூன்றாவது வர வேண்டியிருக்கிறது. 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தையும், பட்டா, புலப்படம், நத்தம், புறம்போக்கு ஆகியவற்றின் நடைமுறையையும் இங்கு படிக்கிறவர் கற்கும் அளவுக்கு வேறெங்கும் கற்க முடியாது. டி.என்.பி.எஸ்.சி. வழியாக நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநராக விரும்புகிறவருக்கு இது நேரடியான பலன்.

வெளிநாடு பற்றி ஒரு சொல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தரும் ஈராண்டு நகரத் திட்டமிடல் முதுநிலைப் படிப்பான எம்.சி.பி. போன்றவை மிகச் சிறந்த படிப்புகளே. எனினும் அவை வேறொரு நாட்டின் சூழலில் நடப்பதால், இங்கு சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு செல்வதே நல்லது.

வேலை கிடைக்குமா என்ற கவலைக்கு நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை ஓரளவு விடை தருகிறது. மாநிலத் திட்டமிடல் துறைகளுக்கு 12,000க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவைப்படும் நிலையில், ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் 4,000ஐக்கூட எட்டவில்லை. அவற்றிலும் 42 விழுக்காடு காலி என்கிறது அது. தேவை இருக்கிறது, பணியிடங்களை உருவாக்கவும் நிரப்பவும் அரசுகள் முன்வர வேண்டும். பல மாநிலங்களில் அப்பணிக்கு நகரமைப்புப் பட்டமே கட்டாயமில்லை என்பது வேதனைக்குரியது.

தமிழ்நாட்டு ஊர்களுக்காக உழைக்க விரும்புகிறவர் என்னிடம் கேட்டால் சென்னையில் சேருங்கள் என்பேன். ஆனால் இரண்டாம் பருவத்துக்குப் பின் வரும் கோடைப் பயிற்சியைக் குஜராத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அகமதாபாத்தில் பார்த்ததுபோல் நிலங்களை ஒன்றுசேர்த்துத் திருப்பித் தரும் நிலத் தொகுப்புக்கு நம் மாநிலம் அண்மைக்காலத்தில்தான் சட்டத்தில் இடம் அளித்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும்போது, நகரமைப்பு அலுவலர் முன் உரிமையாளர்கள் வரிசையாக வந்து தம் இறுதி மனை குறித்து முறையிடும் விசாரணையை ஒரு முறையாவது நேரில் பார்த்த இளைஞர்கள் இங்கே தேவைப்படுவார்கள்.