பனியன் கம்பெனியில் இஆர்பி பயிற்சி: ஸ்டோர்ஸ் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 11 வருடமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். போன ஏப்ரல் 1 முதல் டேலி, எக்செல், கார்பன் வைத்து எழுதும் டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) புத்தகம் எல்லாவற்றையும் விட்டு ஒரே இஆர்பிக்கு, அதாவது ஸ்டோர்ஸ், கணக்கு எல்லாம் சேர்ந்த ஒரே மென்பொருளுக்கு மாறினோம். மென்பொருளைப் பற்றி நான் எழுதவில்லை. அதோடு வந்த பயிற்சியையும் உதவியையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் வீண். மாடியில் நாற்பது பேரை உட்கார வைத்து மெனு மெனுவாகக் காட்டினார்கள். உதாரணத்துக்கு எடுத்தது மேசை, நாற்காலி விற்கும் கடைக் கணக்கு. நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்பி, அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங் என்று துணி ஊரைச் சுற்றி வரும் தொழில் எங்களுடையது. எதுவும் ஒட்டவில்லை என்று நேராகவே சொன்னோம்.

சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் வந்த பயிற்சியாளர் எங்கள் பழைய டிசிக்களையே பயிற்சி சர்வரில் ஏற்றிக்கொண்டு வந்து, ஸ்டோர்ஸில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிசி எழுதும் அண்ணன் மவுஸைத் தொடவே பயந்தார். "தப்பா அமுத்திட்டா கணக்குப் போயிருமுங்களா தம்பி?" என்றார். "இது பழகுறதுக்குத்தானுங்ண்ணா, எத்தனை தடவை வேணும்னாலும் தப்புப் பண்ணுங்க" என்று பதில் வந்தது. அதற்கப்புறம்தான் அண்ணனுக்குக் கை ஓடியது.

சாயத்துக்கு 512.400 கிலோ போய், 481.650 திரும்பியிருந்தது. மீதி 30.750 கிலோ பட்டறை பேரிலேயே நின்றது. "இது லாஸ்தானுங்களே, ஏன் இன்னும் நிக்குது?" என்று அண்ணனே கேட்டார். சாயம் ஏற்றும்போது எடையில் குறைந்த அந்த 6 சதவீத லாஸை எந்தக் கட்டத்தில் போட்டு டிசியை முடிப்பது என்று அவரையே செய்ய வைத்தார் அந்தத் தம்பி. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது இப்படி வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. முடிக்காத டிசி நின்றால் ஆடிட்டர் கேட்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஏன் என்று தெரிந்ததால் இன்றுவரை அண்ணன் ஒரு டிசியைக்கூட விடுவதில்லை. ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்த குறிப்பு இன்னும் மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

குறை ஒன்று உண்டு, பெரியது. நேரில் இருந்து உதவுவது 30 நாள்தான். ஏப்ரல் கணக்கை முடிக்கும் வேலையே மே முதல் வாரத்தில்தான் வந்தது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனைக் கணக்கு) போட வேண்டும். அப்போது ஆள் இல்லை. எல்லாமே டிக்கெட், அதாவது பிரச்சினையை எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, அதுவும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஸ்டாக் மதிப்பு இடித்ததற்குப் பதில் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு ராத்திரியும் அக்கவுண்ட்ஸ் பெண்கள் ஒன்பது மணி வரை இருந்தார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மாறப்போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், முதல் இரண்டு மாதக் கணக்கு முடியும்வரை ஆள் நேரில் இருப்பார் என்று எழுதி வாங்குங்கள். தமிழில் பேச ஒரு போன் நம்பரும் கேளுங்கள்.