ஒரே அமர்வா, அடுக்கடுக்காகவா?

எண்ணெய் வண்ணத்தில் ஈரம் காயுமுன் ஒரே அமர்வில் படத்தை முடிக்கலாம். அல்லது ஒவ்வொரு அடுக்காகக் காயவிட்டு வாரக்கணக்கில் வளர்க்கலாம்.

பழங்கள் என்றால் எனக்கு முதல் வழிதான். வெட்டிய எலுமிச்சை மாலைக்குள் வாடிவிடும். அதன் ஈரப் பளபளப்பை ஒரே தீற்றலில் பிடிக்க வேண்டும். தூரிகையை அடிக்கடி துடைக்காவிட்டால் வண்ணங்கள் சேறாகிவிடும்.

முகம் வேறு சங்கதி. அம்பர் என்னும் மண்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லிய அடித்தளம் போடுவேன். அது சீக்கிரம் காயும். அப்புறம் ஆளிவிதை எண்ணெயைச் சற்றுக் கூட்டி, ஒளி ஊடுருவும் பூச்சுகள். கன்னத்துச் சிவப்பு உள்ளிருந்து எழுவது இப்படித்தான். 1434இல் யான் வான் ஐக் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதி ஓவியத்தின் ஆழமும் இத்தகைய பூச்சுகளால் வந்ததே. எண்ணெய் மிகுந்த அடுக்கு மட்டும் அடியில் போகக்கூடாது. மேலே வெடிப்பு விழும்.