கோடை லீவுக்கு எது முதலில்: கடல்புரத்திலா, ஆழி சூழ் உலகா?

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை என்று எங்கள் மீனவ ஊர்கள் பக்கம் லீவில் வாசிக்க நாவல் கேட்கிறவர்களிடம் இந்த இரண்டையும்தான் சொல்வேன். எதை முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' சின்னப் புத்தகம். இரண்டு மத்தியானம் போதும். மணப்பாடு என்ற கடற்கரை ஊரின் கதை. வல்லத்தையும் (மீன்பிடிக்கும் நாட்டுப் படகு) வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்கிறான் மகன் செபஸ்தி, கடலை விட மனசில்லாத அப்பா குரூஸ் மிக்கேல், நடுவில் மகள் பிலோமி. வல்லக்காரர்களுக்கும் லாஞ்சு எனும் விசைப்படகுக்காரர்களுக்கும் மூளும் பகை வேறு. இவ்வளவு துயரத்திலும் பிலோமிக்கு யார்மேலும் வெறுப்பு வருவதில்லை. பத்தாவது முடித்த பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு இதைவிட நல்ல நாவல் தெரியாது.

ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. உவரியில் பிறந்தவர் எழுதியது. ரொம்பப் பெரியது, சில தலைமுறைகளின் கதை. உடைந்த கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு நடுக்கடலில் மிதக்கும் மூன்று பேரின் தவிப்பு கதையின் ஊடே வந்துகொண்டே இருக்கும். காற்று, நீரோட்டம், வலை எல்லாம் தொழில் செய்கிறவர் பேச்சிலேயே இருக்கிறது. ஆட்கள் அதிகம், வன்முறையும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

வாசிப்புப் பழக்கம் விட்டுப்போனவர்களும் பிலோமியிடமிருந்தே தொடங்கட்டும். லீவுக்கு வந்த கப்பல்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்றால் நேராக ஆழிக்கே போகலாம். அதைத் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். அவர் குறுக்கே பேசுவார், பேசட்டும்.