எந்திரப்பி மாற்றம்: நேரே அட்டவணையா, கிப்ஸ் வழியா?

கல்லடியில் உயர்தர மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒரு இரசாயனத் தாக்கத்தின் எந்திரப்பி (entropy, ஒழுங்கின்மையின் அளவு) மாற்றத்தைக் கணிக்க எந்த வழியை முதலில் கற்பிப்பது என்பதை இம்முறை நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அட்டவணையில் உள்ளபடி விளைவுகளின் நியம மூலர் எந்திரப்பிகளை (நியம நிலையில் ஒரு மூலுக்குரியவை) கூட்டி, தாக்கிகளுடையதைக் கழிப்பது ஒரு வழி. வெப்பவுள்ளுறை (enthalpy) மாற்றத்திலிருந்து கிப்ஸ் சக்தி (Gibbs energy) மாற்றத்தைக் கழித்து, கெல்வின் வெப்பநிலையால் வகுப்பது மற்ற வழி. நான் முதலாவதையே தேர்ந்தேன்.

பெரிய மாற்றங்களில் இரண்டும் ஒன்றுதான். சுண்ணாம்புக்கல் பிரிகையில் கல்சியம் ஒட்சைட்டுக்கு 39.75, காபனீரொட்சைட்டுக்கு 213.74, கல்சியம் காபனேற்றுக்கு 92.9 என்று எடுத்தால் கெல்வினுக்கு 160.6 யூல் வருகிறது. கிப்ஸ் வழியில் 178.3இலிருந்து 130.4 போக 47.9 கிலோயூல், 298ஆல் வகுத்தால் 160.7.

மாற்றம் சிறியதானால்தான் வித்தியாசம் தெரியும். நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து இரண்டு மூல் நைத்திரிக் ஒட்சைட்டு ஆவதைப் பாருங்கள். அட்டவணை வழியில் 421.52இலிருந்து 396.75 போக 24.8 யூல். கிப்ஸ் வழியில் ஒரு மூலுக்குரிய தோன்றல் (மூலகங்களிலிருந்து உண்டாதல்) வெப்பவுள்ளுறை 90.25, தோன்றல் கிப்ஸ் சக்தி 86.55 கிலோயூல். தசமதானங்களோடு இரண்டு மூலுக்கும் கணித்தால் அதே 24.8தான். ஆனால் மாணவர்கள் அவற்றை 90, 87 என்று முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். இடைவெளி 3.7 என்பது 3 ஆகி, விடை 20.1இல் வந்து நிற்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமற்போகிறது. 298 கெல்வினில் ஒரு கிலோயூல் பிழை 3.4 யூலாக விடைக்குள் புகுந்துவிடும். அட்டவணை வழியில் அப்படியில்லை. அங்கே எண்கள் யூலிலேயே இருப்பதால், முழு எண்ணாக்கினாலும் ஒன்றிரண்டு யூலுக்கு மேல் விலகாது. என் முடிவுக்கு இது ஒன்றே காரணம்.

அந்த வழியிலும் ஒரு பொறி உண்டு. கடைசி வாங்கில் இருந்த மாணவி அதே கணக்குக்கு 421.5 என்று எழுதியிருந்தாள். "சேர், மூலகத்துக்குப் பூச்சியம்தானே?" என்று கேட்டாள். தோன்றல் வெப்பவுள்ளுறையில் பழகிய பழக்கம் அது. ஆனால் எந்திரப்பி 0 கெல்வினிலுள்ள நிறைபளிங்கிலிருந்து அளக்கப்படுகிறது. அறை வெப்பநிலையில் நைதரசனுக்கும் 191.6 உண்டு. ஒருமுறை விளங்கப்படுத்தினேன், அதன் பிறகு அவள் தவறவிடவில்லை. முழு எண்ணாக்கும் பழக்கத்தையோ வாரக்கணக்காகத் திருத்தியும் என்னால் மாற்ற முடியவில்லை.

வினாத்தாளில் வெப்பவுள்ளுறையும் கிப்ஸ் சக்தியும் மட்டும் தரப்பட்டிருந்தால் இரண்டாம் வழிதான் கதி. அப்போது கிலோயூலை யூலாக மாற்ற மறக்கக் கூடாது.

நீர்க்கரைசல் அயன்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே ஐதரசன் அயனுக்குப் பூச்சியம் என்று வைத்தே மற்றவற்றை அளக்கிறார்கள். மகனீசியம் அயனுக்கு −138.1 வருவது அதனால்தான். மின்கலத்தின் மின்னியக்க விசை வெப்பநிலையோடு மாறும் வீதத்தை அளந்து எந்திரப்பி மாற்றத்தைப் பெறும் மூன்றாவது வழியும் இருக்கிறது. அதை ஆய்வுகூடத்தில் நான் செய்து பார்த்ததில்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.