ஏர் டேங்கில் தண்ணீர்: கையால் திறப்பதா, டிரையரை நம்புவதா?

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் ஏர் பிரேக் (அழுத்திய காற்றால் வேலை செய்யும் பிரேக்) பற்றிப் பேசினால் லைனிங், டிரம் என்றுதான் பேச்சு போகும். அந்தக் காற்றைச் சேர்த்துவைக்கும் டேங்குக்குள் சேரும் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வால்வுக்குள் துரு பிடிப்பது, ரப்பர் சீல் கெட்டுப்போவது, காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் சக்கரம் சூடாவது என்று பல தொல்லைகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? 30 டிகிரி வெப்பத்தில், ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். காற்றை அழுத்தி டேங்குக்கு அனுப்பும் கம்ப்ரஸர் அதை வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 8 பார் வரை அழுத்தும்போது ஒன்பது பங்கு காற்று ஒரு பங்கு இடத்தில் அடைபடுகிறது. ஆறியதும் அந்த இடம் ஒரு பங்கு நீராவியைத்தான் தாங்கும். மீதி எட்டுப் பங்கும் தண்ணீராக இறங்கிவிடும். தூத்துக்குடி, சென்னைத் துறைமுகம் என்று கடலோரமே ஓடும் வண்டிக்கு இது தினசரிச் சுமை.

முதல் வழி, டேங்குக்கு அடியில் இருக்கும் டிரெயின் வால்வைக் கையால் திறந்துவிடுவது. காசு செலவில்லை. ஆனால் தண்ணீர் உள்ளே வந்த பிறகுதான் வெளியேற்றுகிறோம். நீராவியாகவே முன்னால் போனது குழாய்களில் ஆறி, வால்வுகளில் தங்கிவிடும். ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர் வண்டிக்கு அடியில் குனிவாரா என்ற கேள்வியும் உண்டு.

அந்தச் சிரமத்துக்குத்தான் ஆட்டோமேட்டிக் டிரெயின் வால்வு. டிரையர் (காற்றை உலர்த்தும் கருவி) இல்லாத பழைய வண்டிக்கு நல்ல துணை. டிரையருக்கு மாற்று என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இதுவும் வந்த தண்ணீரைத்தான் துப்புகிறது. அழுக்கு அடைத்தால் காற்று ஒழுகும், அல்லது திறக்காமலே நின்றுவிடும்.

ஏர் டிரையர் வேலை செய்யும் இடமே வேறு. காற்று டேங்குக்குப் போகும் முன்பே, டிரையரில் கழற்றி மாற்றும் டப்பாவான கார்ட்ரிட்ஜில் உள்ள மணிகள் ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அழுத்தம் நிறைந்ததும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அப்போது கொஞ்சம் உலர்ந்த காற்று திரும்பி வந்து மணிகளைக் காயவைத்து, ஈரத்தை வெளியே தள்ளுகிறது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதற்கு ஒரு பரம எதிரி உண்டு: எண்ணெய். கம்ப்ரஸர் ரிங் தேய்ந்தாலோ, ஏர் ஃபில்டர் அடைத்தாலோ இன்ஜின் ஆயில் காற்றோடு கலந்து வரும். மணிகள் மேல் எண்ணெய் படிந்துவிட்டால் அவை ஈரத்தைப் பிடிக்காது. சத்தம் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், நாமும் நம்பிக்கொண்டிருப்போம்.

அதனால் சாதா கார்ட்ரிட்ஜா, எண்ணெய் பிரிக்கும் கார்ட்ரிட்ஜா என்று கடைக்காரர் கேட்டால், கூடுதல் விலை கொடுத்து இரண்டாவதையே வாங்குங்கள். மணிகளுக்கு முன்பே எண்ணெய்ப் படலத்தைத் தடுக்கும் அடுக்கு அதில் இருக்கிறது. வண்டி வரும்போதே அந்த வகை பொருத்தப்பட்டிருந்தால் சாதாவுக்கு இறங்கவே கூடாது. ஆனாலும் கம்ப்ரஸரே எண்ணெயைக் கக்கினால் எந்தக் கார்ட்ரிட்ஜும் தாங்காது. முதலில் கம்ப்ரஸரைப் பிரிக்க வேண்டும்.

லே, காஷ்மீர் பக்கம் போகிறவர்கள் சிலர் தண்ணீர் உறையாமல் இருக்க ஆல்கஹால் ஊற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது ரப்பரைக் கெடுக்கும். ஹீட்டர் உள்ள டிரையர் போதும்.

சரி, டிரையர் இருந்தால் கையால் திறக்கும் வேலை ஒழிந்ததா? இல்லை. வாரம் ஒருமுறை, டிரையரிலிருந்து காற்று முதலில் வந்து சேரும் டேங்கின் டிரெயின் வால்வைத் திறந்து பாருங்கள். வெறும் காற்று வந்தால் நல்லது. தண்ணீர் வந்தால் கார்ட்ரிட்ஜ் முடிந்தது. பால்போல வெளுத்து வந்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கிறது, கம்ப்ரஸரைப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் மாற்றும் நாளில் எல்லா டேங்கையும் முழுக்க வடித்துவிட்டுத்தான் புதியதை மாட்ட வேண்டும். காற்று முழுவதும் இறங்கும் முன் பழையதைக் கழற்றாதீர்கள். அதற்கெல்லாம் முன்னால், சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.