பிஎஸ்5: தட்டுவடை செட் தின்ன நேரம் தராத மெஷின்

2022 தீபாவளிக்கு பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின், வாங்கினேன். விலை 49,990 ரூபாய். சேலம் செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை பார்ப்பவனுக்கு அது சின்னத் தொகை இல்லை. பழைய பிஎஸ்4-ஐ ஏற்காட்டில் இருக்கும் அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பரில் காட் ஆஃப் வார் ராக்னராக் என்ற கேம் வந்தது. இரண்டு மெஷினுக்கும் வந்தது. அவன் போன் செய்தான்: "இதுலயும்தான் ஓடுது. அப்புறம் எதுக்கு மாமா அம்பதாயிரம் குடுத்தீங்க?"

என்னிடம் படம் கொஞ்சம் தெளிவு, ஓட்டம் வழவழப்பு. ஆனால் அதன் நாயகன் க்ராடோஸ் பாறை இடுக்கில் உடம்பை நுழைத்து மெல்ல நகர்வது இருவருக்கும் ஒன்றுதான். அந்த மாதிரி இடுக்குகள் பல கேம்களில் சும்மா வைப்பதில்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் மெதுவாகத் திரும்பும்போது அடுத்த சாலை கண்ணுக்குத் தெரியாது அல்லவா, அதுபோல நம்மை ஊர்ந்துபோக வைத்துவிட்டு, அடுத்த இடத்தைத் திரைக்குப் பின்னால் லோட் செய்துகொள்வார்கள். பிஎஸ்4 ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படித்தாலே பெரிய விஷயம். பிஎஸ்5-இல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு 5.5 ஜிபி படிக்கும். அவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு இடுக்கில் ஊர்வானேன்?

அந்தக் கேள்விக்குப் பதில் ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட். 2021-இல் பிஎஸ்5-க்கு மட்டும் வந்த கேம், நான் தாமதமாகத்தான் வாங்கினேன். அதில் பிளிசார் ப்ரைம் என்றொரு கிரகம். சுத்தியலால் ஒரு படிகத்தை அடித்தால், சிதறிக் கிடக்கும் சுரங்கம் அந்த நொடியே முழு ஊராக நிற்கும். திரும்ப அடித்தால் மறுபடி சிதறல். கறுப்புத் திரை இல்லை, இடுக்கு இல்லை. பிஎஸ்4-இல் லோடிங் முடிவதற்குள் நான் ஒரு தட்டுவடை செட்டை (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும்) முடித்து, கையும் கழுவிவிட்டு வருவேன்.

பின்னால் 2023-இல் இது பிசிக்கும் வந்தது. சாதா ஹார்ட் டிஸ்க்கிலும் ஓடியது, ஆனால் உலகம் மாறும் இடங்களில் தயங்கித் தயங்கி. அதனால் 'முடியவே முடியாது' என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தயங்கினால் அந்த வித்தையே போச்சு, அவ்வளவுதான்.

புது மெஷின் வந்த முதல் ஓரிரு வருடம் பழைய மெஷின்காரர்களுக்கும் சேர்த்துக் கேம் போடுவது நியாயம்தான். எல்லோராலும் உடனே மாற முடியாது. அதற்கப்புறமும் இழுத்தால் இரண்டு பக்கமும் கெடும். சைபர்பங்க் 2077 என்ற கேம் பிஎஸ்4-இல் பட்ட பாடு தெரியும்தானே: 2020 டிசம்பரில் வந்த வேகத்தில் சோனியின் ஆன்லைன் கடையான பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2023-இல் அதற்கு வந்த ஃபேண்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதையை பிஎஸ்4-க்குக் கொடுக்கவே இல்லை. சரியான முடிவு.

என் மெஷினில் ஒரு குறை, சேமிக்கிற இடம்: 825 ஜிபி என்கிறார்கள், நமக்குக் கிடைப்பது 667 சொச்சம். நாலைந்து பெரிய கேம் போட்டால் ஒன்றை அழிக்க வேண்டும்.

போன லீவில் அக்கா மகன் இறங்கி வந்தான். பிளிசார் ப்ரைமைப் போட்டுக் கொடுத்தேன். படிகத்தை அடித்தான். பேசவில்லை. திரும்ப அடித்தான். ஏழெட்டு முறை அதையே செய்தான். அம்பதாயிரம் பற்றி அதற்கப்புறம் கேட்கவில்லை. அவனுக்கென்று வாங்கி வைத்திருந்த தட்டுவடை செட், சட்னியில் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிட்டது.