"எளிமையான அட்மின்" செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் சின்ன அமைப்பின் இணையதளம், தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. அதில் செய்தி போடுகிற அக்காவுக்கு டாஷ்போர்டை, அதாவது தளத்தை நிர்வகிக்கும் அட்மின் பகுதியை, திறந்தாலே பயம். இடது பக்கம் நீளமாக நிற்கும் மெனுவில் எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று. பயத்துக்குக் காரணமும் இருந்தது: ஒருமுறை படம் மாற்றப் போய், தளத்தின் தோற்றத்தையே மாற்றிவிட்டார்.

அதனால்தான் இணையதளம் செய்துதரும் ஒருவரிடம் போனோம். அட்மின் பகுதியை, தொழில்நுட்பம் தெரியாதவர்களும் புழங்கும்படி எளிமையாக்கித் தருகிறேன் என்றார். ஒரு வாரத்தில் தந்தும் விட்டார். மெனுவில் மூன்றே வரி: செய்திகள், படங்கள், உதவி. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்த குறிப்புச் சீட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டார். நானும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். ("உதவி"யை அழுத்தினால் அவருடைய போன் நம்பர்தான் வரும். அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

ஒரு வருடத்துக்கு மேல் எந்தத் தொல்லையும் இல்லை. அப்டேட் செய்யச் சொல்லி ஒரு அறிவிப்புகூட வந்ததில்லை. தளம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு காலை லாகின் பக்கமே திறக்கவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வாசகம் மட்டும்: தளத்தில் கடுமையான பிழை, நிர்வாகியின் மின்னஞ்சலைப் பாருங்கள். பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) ஏதாவது உடைந்து அட்மின் விழுந்தால், உள்ளே போக ஒரு சிறப்பு இணைப்பை வேர்ட்பிரஸ் தானாகவே அனுப்பும். 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. என் மெயிலைப் பார்த்தேன், அக்காவின் மெயிலைப் பார்த்தோம், ஸ்பேம் வரை துழாவினோம். எதுவும் இல்லை. நிர்வாகி முகவரி என்று, அட்மினை எளிமையாக்கித் தந்தவர் தன்னுடையதைப் போட்டு வைத்திருக்கிறார்!

நான்கு நாள் கழித்துத்தான் போனை எடுத்தார். தளம் இருக்கும் சர்வரில், வேர்ட்பிரஸ் ஓடத் தேவையான பிஹெச்பி என்ற நிரல்மொழியின் பதிப்பை ஏற்றியதில் பழைய பிளகின் ஒன்று படுத்துவிட்டதாம். சரி செய்ய தனிக் கட்டணம். அட்மினின் முழு மெனுவையும் எங்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு சார் அதெல்லாம், குழம்பிப் போயிடுவீங்க" என்றார். அதற்கும் ஒரு கட்டணம் சொன்னார்.

தளம் மீண்டும் எழுந்ததும் விவரம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அக்காவின் கணக்கில் நுழைந்து, முகவரிப் பட்டையில் பிளகின் பக்கத்தின் பெயரை நேராகத் தட்டினார். திறந்தது! செட்டிங்ஸ் திறந்தது, பயனர் பட்டியலும் திறந்தது. வேலை செய்து தந்தவர் மெனுவைக் கண்ணில் படாமல் மறைத்திருந்தாரே தவிர, யாருடைய அனுமதியையும் குறைக்கவில்லை. எங்கள் மூன்று கணக்குமே, எதையும் மாற்றக்கூடிய முழு அட்மினிஸ்ட்ரேட்டர்! அதில் ஒன்று, எப்போதாவது வந்து படம் ஏற்றும் கல்லூரி மாணவருடையது. பாஸ்வேர்டு ஒன்று கசிந்திருந்தால் மொத்தத் தளமும் போயிருக்கும். பிளகின்கள் பாதிக்கு மேல் பழசு. அவற்றுக்கான அறிவிப்புகளையும் மெனுவைப் போலவே மறைத்து வைத்திருந்தார். 2013-லிருந்து வேர்ட்பிரஸில் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறும், அதையும் நிறுத்தியிருந்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது இதில்தான்: அக்காவுக்கு வேண்டியது வேர்ட்பிரஸிலேயே சும்மா கிடக்கிறது. கணக்கின் அனுமதி நிலையை "எடிட்டர்" என்று மாற்றினால் போதும். பிளகின், செட்டிங்ஸ், பயனர் மெனுக்கள் தாமாகவே போய்விடும், முகவரியைத் தட்டினாலும் திறக்காது. மாணவருக்கு "ஆத்தர்" என்ற நிலை போதும், தன் பதிவுகளை எழுதலாம், படம் ஏற்றலாம், அடுத்தவர் பதிவில் கை வைக்க முடியாது. டாஷ்போர்டின் முகப்பில் கிடக்கும் தேவையற்ற பெட்டிகளை மேலே வலது மூலையில் உள்ள ஸ்கிரீன் ஆப்ஷன்ஸில் டிக் எடுத்து மறைக்கலாம். எல்லாம் சேர்த்து நண்பருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் அவர் எதிரிலேயே முழு அட்மின் கணக்கு ஒன்றில் நீங்கள் நுழைந்து பாருங்கள். பயனர் பட்டியலில் யார் யார் அட்மின் என்று எண்ணுங்கள். ஜெனரல் செட்டிங்ஸில் இருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதா என்று பாருங்கள். அப்புறம், மற்றவர்களின் கணக்கில் நுழைந்து பிளகின் பக்கத்தின் முகவரியைத் தட்டுங்கள். திறந்தால், வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

நாங்களும் அந்த மின்னஞ்சலை மாற்றினோம். புது முகவரிக்கு வரும் இணைப்பை அழுத்தி உறுதி செய்த பிறகே மாற்றம் நடக்கும். நடந்ததும் பழைய முகவரிக்கு ஒரு தகவல் போகும். அன்று அவரே போன் செய்தார். "அந்தப் பக்கத்தை யார் சார் உங்களுக்குத் திறந்துவிட்டது?" என்றார்.

"நீங்க பூட்டவே இல்லையே" என்றேன்.